புள்ளொலி காத்த பெருமகன் லுட்விக் கோக்

மனிதன் கண்ணால் கண்டதை ஓவியமாக எழுதி வைத்தான். கருத்தில் தோன்றியதை ஏட்டில் பொறித்து வைத்தான். ஆனால், காதால் கேட்ட ஒலியைக் காத்து வைக்கும் வழியை மட்டும் அவன் பல்லாயிரம் ஆண்டுகள் அறிந்திலன். பழம்புலவர் பாடிய சொற்கள் நமக்குக் கிடைத்தன. அச்சொற்களை இசையோடு பாடிய பாணர்களின் குரல் காற்றோடு கலந்து மறைந்தது. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராப் என்னும் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டறிந்த பின்னரே இக்குறை நீங்கிற்று. அதன் பின்னரும், அரசர், அமைச்சர், பாடகர் ஆகியோரின் குரலைப் பதித்து வைக்கவே மக்கள் விரைந்தனர். வீட்டு முற்றத்து மரத்தில் நாள்தோறும் பாடும் பறவையின் குரலும் காத்து வைக்கத் தக்கதே என்று எண்ணியவர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்து விளங்கியவர் லுட்விக் கோக்.

சிறு வயதில் விளையாட்டாகத் தொடங்கிய ஒன்றையே தம் வாழ்நாள் தொண்டாக வளர்த்துக்கொண்டவர் அவர். பிறந்தது ஜெர்மனியில், புகழ் பெற்றது இங்கிலாந்தில். பாடகராக விளங்கிய தொழிலை இழந்து, பிறந்த நாட்டை இழந்து, அரிதின் முயன்று சேர்த்த தொகுப்பின் பெரும்பகுதியையும் இழந்து, ஐம்பத்து நான்காம் வயதில் வேற்று நாட்டில் புதுவாழ்வு தொடங்கினார். தமக்குப் புகலிடம் தந்த அந்நாட்டு மக்களுக்கு அவர் திருப்பி அளித்த கொடை யாது? அவர்தம் நாட்டுப் பறவைகளின் குரலேயாம். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தோர் செவி கொடுத்துக் கேளாதிருந்த இன்னொலிகளை, வந்து குடியேறிய ஒருவர் அவர்களுக்குக் கேட்பித்தார். பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வந்து வாழும் நம்மனோர் அறிந்து மகிழத் தக்கது அவர் வரலாறு.

இளமையும் இசையும்

ஜெர்மனியில் மைன் ஆற்றின் கரையில் அமைந்த நகரம் பிராங்க்ஃபர்ட். அந்நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் 1881-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் கோக் பிறந்தார். அவர் பிறந்த இல்லம் இசையில் ஈடுபாடு மிக்கது. இசைமேதை ராபர்ட் ஷூமனின் துணைவியாரும், பியானோ வாசிப்பில் உலகப் புகழ் பெற்றவருமான கிளாரா ஷூமன் அம்மையார் அந்நாளில் பிராங்க்ஃபர்ட்டில் வாழ்ந்து வந்தார். அவரைச் சூழ்ந்திருந்த இசையன்பர் குழுவில் சிறுவன் லுட்விக்கும் இடம் பெற்றான். முதலில் வயலின் பயின்றான். பின்னர் வாய்ப்பாட்டைப் பயின்றான். நல்லிசைக்குப் பழகிய செவி அவனுக்கு இவ்வாறு இளமையிலேயே வாய்த்தது.

இசையோடு மற்றொன்றிலும் அவனுக்கு அளவிலா ஆர்வம் இருந்தது. பறவைகளும் சிற்றுயிர்களும் அவன் உடன்பிறவாத் தோழர்கள். பலவகை உயிர்களைத் தன் வீட்டிலேயே வளர்த்து வந்தான். அவற்றின் நடையையும் உணவையும் உற்று நோக்கினான். எல்லாவற்றினும் மேலாக, அவற்றின் குரலை உற்றுக் கேட்டான்.

1889-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துச் சந்தைக்குச் சென்று திரும்பிய தந்தையார், மகனுக்கு ஒரு பரிசு கொணர்ந்தார். அஃது எடிசனின் போனோகிராப்பும், அதனோடு பயன்படுத்தும் மெழுகு உருளைகள் நிறைந்த பெட்டியும் ஆகும். அப்பொறி அமைப்பில் எளியது. புனல் போன்ற வாயின் முன் ஒலி எழுப்பினால், புனலின் அடியில் உள்ள மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகு உருளையின் மேல் அவ்வதிர்வுகளைப் பள்ளமும் மேடுமாகக் கீறிச் செல்லும். பின்னர் அக்கீறலின் வழியே மீண்டும் ஊசியைச் செலுத்தினால் தகடு முன்போலவே அதிர்ந்து, பேசிய பேச்சைத் திரும்பப் பேசும். ஓர் உருளையில் ஏறத்தாழ இரண்டு நிமிட ஒலியே அடங்கும். ஒலிவாங்கி இல்லாத அப்பொறியில், புனலுக்கு மிக அருகில் எழும் ஒலியே தெளிவாகப் பதியும்.

எட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் இத்தகைய பொறி கிடைத்தால் என்ன செய்யும்? தன் குரலையும் வீட்டார் குரலையும் பதித்துக் கேட்டு மகிழும். லுட்விக்கும் அவ்வாறே செய்தான். ஆனால் அத்துடன் நின்றானல்லன். தான் வளர்த்த பறவை ஒன்றின் கூட்டருகே புனலை வைத்து, அதன் பாட்டை மெழுகில் பதித்தான். பறவைப் பாட்டின் ஒலிப்பதிவுகளுள் இன்று நாம் அறிந்தவற்றில் முதலாவது அதுவே. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அது அழியாமல் நிற்கிறது.

அப்பறவை எது என்பதை அறிந்தால் நாம் வியப்படைவோம். அது ஜெர்மனி நாட்டுப் பறவை அன்று. இந்திய ஷாமா என்று மேனாட்டார் வழங்கிய பறவை. தமிழில் சோலைப்பாடி என்று நாம் அழைக்கும் பறவை. நம் நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் முதல் தென்கிழக்கு ஆசியக் காடுகள் வரை வாழும் இனம் அது. கருநீலம் மின்னும் தலையும் முதுகும், செம்பழுப்பு வயிறும், நீண்ட வாலும், வாலின் அடியில் வெண்பட்டையும் உடையது. மூங்கிற் புதரின் நிழலில் மறைந்திருந்து அது பாடும் பாட்டின் இனிமை காரணமாகவே, அந்நாளில் அதைப் பிடித்துக் கூண்டிலிட்டுக் கடல் கடந்து விற்றனர். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் இந்நாளில் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். எனினும், பிறந்த காட்டை விட்டுப் பிரிந்து தொலைநாட்டுக் கூண்டில் இருந்து பாடிய ஒரு சோலைப்பாடியின் குரலே, உலகில் முதன்முதல் காக்கப்பட்ட பறவைக் குரலாக அமைந்தது. அதைக் காத்த சிறுவனும் பின்னாளில் பிறந்த நாட்டை விட்டுப் பிரிய நேரும் என்பதை அன்று யார் அறிவார்?

பாடகர் பணியும் போரும்

வளர்ந்து ஆளான கோக் வாய்ப்பாட்டுக் கலைஞரானார். தனிப்பாடல்களையும் சமய இசைநாடகங்களையும் மேடையில் பாடிப் பெயர் பெற்று வந்தார். 1914-இல் மூண்ட முதல் உலகப் போர் அவ்வாழ்வைக் குலைத்தது. பிரெஞ்சு மொழியில் அவர் பெற்றிருந்த புலமை காரணமாகப் போர்க்காலத்தில் இராணுவத்தின் உளவுப் பிரிவில் பணி செய்ய நேர்ந்தது. போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அரசாங்கப் பணியில் இருந்தார். பாடகராக மீண்டும் மேடையேறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் தொழில் மாறுவது எளிதன்று. ஆனால் இளமையில் பழகிய போனோகிராப் அவரைக் கைவிடவில்லை.

1928-இல், பின்னாளில் ஈ.எம்.ஐ. எனப் பெயர் பெற்ற இசைத்தட்டுக் குழுமத்தைச் சேர்ந்த ஜெர்மானிய நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். பாட்டும் கூத்தும் மட்டுமே இசைத்தட்டில் இடம் பெற்று வந்த காலம் அது. கல்விக்கும் அறிவு வளர்ச்சிக்கும் இசைத்தட்டு பயன்பட வேண்டும் என்று கோக் விரும்பினார். அவ்விருப்பத்தில் பிறந்ததே ஒலிநூல் என்னும் புதுமை. படங்களும் விளக்கமும் நிறைந்த நூலோடு இசைத்தட்டுகளையும் இணைத்து ஒரே உறையில் வெளியிடுவது அவர் கண்ட முறை. நூலைப் படிப்பவர் பறவையின் உருவத்தைப் படத்தில் காண்பார். அதன் இயல்பை எழுத்தில் அறிவார். அதன் குரலைத் தட்டில் கேட்பார். 1935-இல், பறவையியலில் பெரும்புலமை வாய்ந்த ஆஸ்கர் ஹைன்ரோத் என்பவருடன் சேர்ந்து பாடும் பறவைகளைப் பற்றிய ஒலிநூலை வெளியிட்டார். இன்று கணிப்பொறியில் எழுத்தும் படமும் ஒலியும் ஒருங்கே வருவதைக் காண்கிறோம். அதற்குப் பல்லாண்டு முன்னரே அக்கருத்தைச் செயலாக்கிக் காட்டியவர் கோக்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பறவைக் குரலைப் பதிக்க முயன்றவர் கோக் ஒருவரே அல்லர். 1900-இல் இங்கிலாந்தில் செர்ரி கியர்ட்டன் என்பவர் காட்டுப் பறவைகளின் பாட்டை மெழுகு உருளையில் பதித்தார். 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில், பீட்ரிஸ் ஹாரிசன் என்னும் இசையரசியார் தம் தோட்டத்தில் செல்லோ வாசிக்க, நைட்டிங்கேல் என்னும் இராப்பாடி உடன் பாடியதைப் பி.பி.சி. வானொலி நேரே ஒலிபரப்பிற்று. 1929-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பேசும்படச் சுருளில் பறவைக் குரலைப் பதித்தனர். ஆயினும், ஒரு நாட்டின் பறவைகளை இனம் இனமாகத் தேடிச் சென்று, அவற்றின் குரலைத் திறம்படப் பதித்து, எளிய மக்களின் இல்லத்துக்கும் கொண்டு சேர்த்த பெருமை கோக்கையே சாரும்.

நாடிழந்த நாள்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் யூதராய்ப் பிறந்ததே குற்றமாயிற்று. 1935-இல் இயற்றப்பட்ட நூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. கோக்கின் ஒலிநூல்களைப் பலரும் விரும்பினர். ஆனால் அவற்றை ஆக்கிய கோக் வாழ அந்நாட்டில் இடமில்லாது போயிற்று. 1936-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்துக்குச் சென்றிருந்த அவர் தாயகம் திரும்பவில்லை. இங்கிலாந்து சென்று சேர்ந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த ஒலிப்பதிவுகளில் மிகப் பலவற்றை விட்டுவிட்டு வர நேர்ந்தது. பதித்த குரல்களும் போயின. அக்குரல்கள் ஒலித்த காடுகளும் போயின.

வேற்று நாட்டில், வேற்று மொழியில், கையில் பொருளின்றி நின்ற அம்மனிதர் தளர்ந்து போயிருக்கலாம். அவர் தளரவில்லை. இங்கிலாந்திலும் பறவைகள் பாடின. அவற்றுள் பல, அவர் சிறுவயது முதல் கேட்டு வந்த இனங்களே. மனிதர் வகுத்த எல்லைக்கோடு பறவைகளுக்கு ஏது? உயிரியல் அறிஞரும், அந்நாளில் லண்டன் விலங்கியற் சங்கத்தின் செயலாளராக விளங்கியவருமான ஜூலியன் ஹக்ஸ்லி அவர்கள் கோக்கின் திறமையை அறிந்து, பறவை நூல்களை வெளியிட்டு வந்த ஹாரி விதர்பி அவர்களிடம் அவரை அறிமுகம் செய்தார். விதர்பி ஒலிநூல் வெளியிட இசைந்தார். பறவைகளைப் பற்றி ஆழ்ந்து எழுதும் ஆற்றல் வாய்ந்த மாக்ஸ் நிக்கல்சன் நூற்பகுதியை எழுத, கோக் ஒலிப்பதிவை ஏற்றார்.

1936-ஆம் ஆண்டிலேயே முதல் ஒலிநூல் வெளிவந்தது. வந்து சேர்ந்த ஆண்டு முடியுமுன்னரே, ஒரு புலம்பெயர்ந்தவர் இங்கிலாந்தின் பறவைக் குரல்களை ஆங்கிலேயர் கையில் நூலாகக் கொடுத்துவிட்டார் என்பது எண்ணி எண்ணி வியக்கத் தக்கது. மக்கள் அதனை விரும்பி வாங்கினர். 1937-இல் அடுத்த நூல் வெளிவந்தது. 1938-இல் ஹக்ஸ்லியோடு சேர்ந்து விலங்குகளின் குரலைப் பற்றிய ஒலிநூலையும் வெளியிட்டார்.

வெளியிடத்தில் பட்ட பாடு

இந்நூல்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பை இக்காலத்தார் எண்ணிப் பார்த்தல் அரிது. இப்பொழுது சட்டைப்பையில் அடங்கும் கருவி செய்யும் வேலைக்கு, அந்நாளில் பெரிய மோட்டார் வண்டி ஒன்று வேண்டியிருந்தது. வண்டியினுள் இசைத்தட்டு வெட்டும் பொறியும், ஒலிபெருக்கிக் கருவியும், கனமான மின்கலங்களும் இருக்கும். பொறி வல்லுநர் சிலரும் உடன் வருவர். வண்டியைப் பறவையின் அருகே கொண்டு செல்ல இயலாது. ஆதலின் தொலைவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நெடுந்தூரம் கம்பியை இழுத்துச் சென்று, பறவை அமர்ந்து பாடும் கிளையின் அருகே ஒலிவாங்கியை மறைத்து வைக்க வேண்டும்.

அவ்வாறு வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையே பெரிது. எல்லாப் பறவையும் எல்லா இடத்திலும் பாடுவதில்லை. பெரும்பாலான இனங்களில் ஆண் பறவை தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் பாடுகிறது. அதற்கெனத் தானே தேர்ந்த சில கிளைகளில் நாள்தோறும் வந்து அமர்கிறது. அக்கிளை எது, வரும் வேளை எது என்பதை முன்னரே பல நாள் காத்திருந்து அறிதல் வேண்டும். ஓரினத்திலும் எல்லாப் பறவையும் ஒரே திறத்தில் பாடுவதில்லை. மேடையில் பாடிப் பழகிய கோக், அவ்வினத்தின் நல்ல பாடகனைத் தேர்ந்து பதிப்பதில் கருத்தாக இருந்தார். இளமையில் பயின்ற இசைப்பயிற்சி இங்கே கைகொடுத்தது.

பறவை பாடத் தொடங்கினாலும் பணி முடிந்ததாகாது. தடித்த மெழுகுத் தட்டை இளஞ்சூட்டில் வைத்திருந்து, பாட்டுத் தொடங்கும் நொடியில் ஊசியை இறக்க வேண்டும். ஒரு தட்டில் நான்கு நிமிடம் அடங்கினால் மிகுதி. பாட்டின் நடுவே எங்கோ ஒரு நாய் குரைக்கும், புகைவண்டி கூவும், வானூர்தி பறக்கும், காற்று வீசி ஒலிவாங்கியில் இரையும். அத்தனை உழைப்பும் வீணாகும். பதித்த தட்டு நன்றாக வந்ததா என்று அங்கேயே கேட்டுப் பார்க்கவும் இயலாது. ஊசியை மீண்டும் ஓட்டினால் மெல்லிய மெழுகுக் கீறல் சிதைந்துவிடும். தட்டைக் குலுங்காமல் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்று, உலோக அச்சு வார்த்து, அதன்பின்னரே கேட்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் வயல்வெளியில் பல நாள் காத்துக் கிடந்து, கைக்குக் கிட்டியது சில நிமிட ஒலியே. அச்சில நிமிடத்துக்காகவே கோக் வாழ்ந்தார் என்று கூறினும் பொருந்தும்.

வானொலியில் ஒலித்த குரல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோக் பி.பி.சி. நிறுவனத்தின் பணியில் சேர்ந்தார். குண்டுமழையும் ஊரடங்கிய இருளும் சூழ்ந்திருந்த அந்நாட்களில், வானொலியில் அவர் அளித்த பறவைப் பாட்டு நிகழ்ச்சிகள் மக்களுக்கு ஆறுதல் தந்தன. எந்த நாட்டோடு போர் நிகழ்ந்ததோ அந்த நாட்டில் பிறந்தவரின் குரலே அவ்வாறுதலை அளித்தது. ஜெர்மானிய உச்சரிப்பு அழுத்தமாகத் தோன்றும் ஆங்கிலத்தில் அவர் பேசுவார். அவ்வுச்சரிப்பை அவர் மறைக்க முயன்றாரல்லர். மக்களும் அதனை வெறுத்தாரல்லர். பின்னாளில் நகைச்சுவைக் கலைஞர்கள் அவர் பேச்சைப் போலவே பேசிக் காட்டும் அளவுக்கு அது நாடறிந்த குரலாயிற்று. அயல்மொழியைப் பேசும்போது தாய்மொழியின் சாயல் வெளிப்படுவதற்கு நாணுவோர் உண்டு. சொல்லும் பொருள் உயர்ந்ததாயின், சொல்லும் முறையை உலகம் அன்போடு ஏற்கும் என்பதற்குக் கோக்கின் குரல் சான்றாகும்.

1946-இல் பி.பி.சி.யின் பிரிஸ்டல் நிலையத்தில் இயற்கை ஆய்வாளர் நிகழ்ச்சி ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் முகப்பொலியாக அமைந்தது, கோக் பதித்த கர்லூ என்னும் பறவையின் குரல். நீண்டு வளைந்த அலகுடைய இக்கரைப்பறவையைத் தமிழில் குதிரைமலைக் கோட்டான் என்பர். குளிர்காலத்தில் வடபுலங்களிலிருந்து நம் கோடிக்கரைக்கும் வந்து போகும் இனம் அது. வானொலியில் அதன் குரல் எழுந்ததும், நகரத்து வீடுகளில் இருந்தோரும் சதுப்பு நிலத்தையும் கடற்கரையையும் தம் மனக்கண்ணால் கண்டனர். 1948-இல் கோக்கின் தொகுப்பைப் பி.பி.சி. பெற்றுக்கொண்டது. அந்நிறுவனத்தின் இயற்கை ஒலிக் களஞ்சியத்துக்கு அதுவே அடிப்படையாயிற்று. 1957-இல் பிரிஸ்டலில் தோன்றி, இன்று உலகெங்கும் புகழ் பெற்று விளங்கும் இயற்கை வரலாற்றுப் பிரிவு, இத்தகைய முன்னோடிகளின் உழைப்பின் மேல் எழுந்ததாகும்.

1951-இல் எழுபது வயதில் கோக் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேயே. எழுபத்தொன்றாம் வயதில் குளிர் மிக்க ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று அங்குள்ள பறவைகளின் குரலைப் பதித்து வந்தார். 1955-இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக எழுதி வெளியிட்டார். 1960-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.ஈ. என்னும் சிறப்பை அளித்தது. 1974-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், லண்டனை அடுத்த ஹாரோவில், தம் 92-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் பணியின் பயன்

பறவைக் குரலைப் பதித்து வைப்பதால் கேட்டு மகிழ்வதன்றி வேறு பயன் உண்டோ என்று சிலர் வினவலாம். பெரும்பயன் உண்டு. காற்றில் மறையும் ஒலியை வைத்துக்கொண்டு அறிவியல் ஆராய்ச்சி செய்ய இயலாது. திரும்பத் திரும்பக் கேட்கவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும் கூடிய ஒலியே ஆராய்ச்சிக்கு உதவும். 1950-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. எச். தோர்ப் என்னும் அறிஞர், ஒலியை வரைபடமாகக் காட்டும் கருவியைக் கொண்டு சாஃபின்ச் என்னும் சிறுகுருவியின் பாட்டை ஆராய்ந்தார். மூத்த பறவைகளின் பாட்டைக் கேளாமல் தனியே வளர்க்கப்பட்ட குஞ்சுகள், வளர்ந்தபின் தம் இனத்தின் முழுப்பாட்டைப் பாடவில்லை. குறைபட்ட எளிய ஒலியையே எழுப்பின. மூத்தோர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவையோ நிரம்பப் பாடின. பாட்டின் வித்துப் பிறப்பில் இருப்பினும், அது முழுமை பெறுவது கேள்வியால் என்பது இதனால் தெளிவாயிற்று. வீட்டில் தாய்மொழியைக் கேளாத பிள்ளைக்கு அம்மொழி எவ்வாறு நிரம்ப வரும் என்று வெளி மாநிலத்தில் வாழும் பெற்றோர் பலர் கவலுகின்றனர். அவர்கள் இச்சிறுகுருவியைச் சற்று நினைத்துக்கொள்வது நன்று.

பிறிதொரு பயனும் உண்டு. அது துயரம் கலந்தது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் ஓஓ என்னும் பறவையினம் வாழ்ந்தது. அதன் குரல் 1987-இல் இறுதியாகக் கேட்கப்பட்டது. இன்று அவ்வினம் உலகில் இல்லை. இசைவட்டிலும் கணிப்பொறியிலும் அதன் குரல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கோக் தேடிச் சென்று பதித்த இராப்பாடியின் நிலையும் கவலைக்கு உரியது. இங்கிலாந்தில் 1960-களில் இருந்த எண்ணிக்கையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இப்பொழுது எஞ்சியுள்ளதெனக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. கோக்கின் தட்டில் ஒலிக்கும் சோலைகள் சிலவற்றில் இன்று அப்பாட்டு இல்லை. ஒலிப்பதிவு பறவையைக் காக்காது. ஆனால், நாம் இழந்தது எத்தகையது என்பதை மறக்கவொட்டாது செய்யும். மறவாதவரே எஞ்சியதைக் காக்க முன்வருவர்.

நாம் செய்யக் கூடியது

கோக்குக்கு வண்டியும் வல்லுநரும் வேண்டியிருந்தன. நமக்கோ கையில் உள்ள கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும். நெதர்லாந்தில் இருவர் 2005-இல் தொடங்கிய செனோ கான்டோ என்னும் இணையக் களஞ்சியத்தில், உலகெங்கும் உள்ள ஆர்வலர் தாம் பதித்த பறவைக் குரல்களை யாவரும் கேட்குமாறு இலவசமாகச் சேர்த்து வருகின்றனர். அவருள் பலர் அலுவலகத்திலும் பள்ளியிலும் பணி செய்து, ஓய்வு நாளில் மட்டும் காட்டுக்குச் செல்பவர்கள். நம் நாட்டிலும் அத்தகையோர் பலர் உளர்.

இப்பொழுதுபோக்கை மேற்கொள்ள விரும்பும் இளைஞர்க்குச் சில குறிப்புகள்: விடியற்காலையே சிறந்த வேளை, காற்றும் இரைச்சலும் குறைவு, பாட்டு மிகுதி. முதலில் பறவையை அறிந்துகொள்க. பின்னர்க் கருவியை எடுக்க. அசையாமல் நிற்க, ஆடை உரசும் ஒலியும் பதிவில் விழும். பதிவின் முடிவில் நாள், நேரம், இடம், பறவையின் பெயர் ஆகியவற்றைத் தம் குரலாலேயே கூறி வைக்க. இவை இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. கூட்டின் அருகே செல்லற்க. பதித்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைத்து அலைக்கழித்தல் வேண்டா. எதிரி வந்தான் என்று எண்ணி அது தன் குஞ்சுகளையும் மறந்து அலையும். யாதும் கிட்டாத நாளில் வருந்தற்க. கேட்கப் பழகியதே அந்நாளின் ஊதியம்.

ஓர் ஊரில் நாம் வாழ்கிறோம் என்பதற்கு வீட்டு வாடகைச் சீட்டும் குடும்ப அட்டையும் சான்றாகலாம். ஆனால் அவ்வூர் நமக்கு உரியது ஆவது, அதன் மரங்களில் விடியலில் எழும் குரல் எந்தப் பறவையின் குரல் என்று நாம் அறியும்போதுதான். லுட்விக் கோக்குக்கு இங்கிலாந்து உரியதாயிற்று. அந்நாட்டின் வயல்வெளிகளை அவர் அங்குப் பிறந்தோரினும் நன்றாகக் கேட்டார். நம் சங்கத்துப் பிள்ளைகள் தமிழைக் கேட்டு வளர்க. தாம் வாழும் ஊரின் புள்ளொலியையும் கேட்டு வளர்க. இரண்டும் கேட்டு வளரும் செவிக்கு எந்த ஊரும் அயலூர் ஆகாது.